வட்டைப் பறிகொடுக்காதவர்: யாரோமிர் யாகரின் நீண்ட ஆட்ட வாழ்க்கை

2015-16 சீசனில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு வயது 43. சீசன் நடந்துகொண்டிருந்தபோதே 44 ஆனது. 79 ஆட்டம், 27 கோல், 39 அசிஸ்ட், 66 புள்ளி. அவருடைய வரிசையில் நடுவில் ஆடிய ஃபின்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பார்கோவ் பிறந்தது 1995 செப்டம்பரில். அதற்குள்ளாகவே யாரோமிர் யாகர் லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்று, புள்ளிப்பட்டியலில் ஒருமுறை முதலிடமும் பிடித்துவிட்டார். ஐஸ் ஹாக்கியில் முப்பதைத் தாண்டினாலே கால் வேகம் இறங்கத் தொடங்கும். 43 வயது யாகரிடமும் வேகம் போய்விட்டிருந்தது. நேர்கோட்டில் ஓடவிட்டால் எதிரணியின் இருபது வயது இளைஞன் எவனும் அவரை முந்திவிடுவான். ஆனால் வட்டு அவருடைய மட்டைக்கு வந்துவிட்டால் அதை அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏன் இத்தனை நீண்டது என்று கேட்டால், இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஹாக்கி என்றால் புல்தரை ஆட்டத்தையே நினைக்கும் வாசகர்களுக்காகச் சில அடிப்படைகள். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு அணிக்கு ஆறு பேர் களத்தில் நிற்பார்கள். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம் எடை. துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். முன்வரிசை வீரர்கள் மூன்று மூன்று பேராக, 40-50 விநாடிக்கு ஒருமுறை மாறி மாறி இறங்குவார்கள். அதனால் நட்சத்திர வீரர்கூட ஒரு ஆட்டத்தில் 20 நிமிடம் அளவுக்குத்தான் களத்தில் இருப்பார். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அதற்கு முந்தைய கடைசி இரண்டு பாஸ்களைக் கொடுத்தவர்களுக்குத் தலா ஒரு புள்ளி (இந்தப் பாஸ்தான் அசிஸ்ட்). மற்ற ஆட்டங்களில் இல்லாத ஒன்று, களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவர். யாகரின் கலை பெரும்பாலும் இந்தச் சுவரை ஒட்டியே நடந்தது.

அவர் 1972 பிப்ரவரி 15 அன்று பிராகுக்கு வடமேற்கே உள்ள கிளாட்னோ என்ற எஃகு ஆலை நகரத்தில் பிறந்தார். அவருடைய தாத்தாவின் பெயரும் யாரோமிர்தான். கம்யூனிஸ்ட் ஆட்சி நிலங்களைக் கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்ட காலத்தில் எதிர்த்து நின்று சிறைக்குப் போனவர், 1968-இல் இறந்தார். சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில்தான். யாகர் தன் முதுகில் 68 என்ற எண்ணைச் சுமந்ததற்குக் காரணம் இது. அணி மாறியபோதெல்லாம் சீருடையின் நிறம் மாறியது, எண் மாறவில்லை. 1988-89 சீசனில், 16 வயதில், கிளாட்னோவின் முதன்மை அணியில் இடம் பிடித்தார்.

அவர் பிறந்த தேதிக்கும் அவருடைய வாழ்க்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. செக்கோஸ்லோவாக்கிய வீரர் ஒருவர் வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஆட விரும்பினால், அதுவரை இருந்த முக்கிய வழி நாட்டை விட்டுத் தப்பி ஓடுவதுதான். ஸ்டாஸ்ட்னி சகோதரர்கள் 1980-இல் அப்படித்தான் கியூபெக் போய்ச் சேர்ந்தார்கள். தப்பியவர் பெற்றோரைத் திரும்பப் பார்க்க முடியுமா என்று சொல்ல முடியாது, அதனால் என்.எச்.எல். அணிகள், முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் செக் இளைஞர்களைப் பின்னுக்குத் தள்ளின. உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவரான டொமினிக் ஹாஷெக்கை 1983-இல் சிகாகோ அணி 199-ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் போய்ச் சேரவே 1990 ஆனது. 1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஜூனில் வான்கூவரில் நடந்த வீரர் தேர்வில் இரண்டாவது பெயர் பீட்டர் நெட்வெட். 1989 ஜனவரியில் கனடாவுக்கு இளையோர் போட்டி ஆட வந்து, அப்படியே தங்கிவிட்டவர். ஐந்தாவது பெயர் யாகர். அவர் முறையான பாஸ்போர்ட்டோடு வந்து அரங்கில் உட்கார்ந்திருந்தார். நாட்டை விட்டு ஓடாமல் அந்தத் தேர்வுக்கு நேரில் வந்த முதல் செக்கோஸ்லோவாக்கிய வீரர் அவர்தான். ஓராண்டு முன்னால் பிறந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. 18 வயதுப் பையனுக்கு ஆங்கிலம் தெரியாது, ஊரும் புதிது. ஐரோப்பிய இளைஞர்கள் வட அமெரிக்காவில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பயிற்சியாளர் பலகையில் எழுதுவது புரியாது. புரியாதவன் தவறான இடத்தில் நிற்பான். நின்றால் களத்தில் இறக்க மாட்டார்கள். பிட்ஸ்பர்க் செய்த புத்திசாலித்தனமான காரியம், 1990 டிசம்பரில் கல்கரி அணியிலிருந்து யிரி ஹர்டினா என்ற மூத்த செக் வீரரை வாங்கியது. பேசத் துணை கிடைத்ததும் பையனின் ஆட்டம் விரிந்தது. முதல் சீசனில் 80 ஆட்டத்தில் 27 கோல், 30 அசிஸ்ட். 1991, 1992 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை.

1992 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 1-4 எனப் பின்தங்கி, பிறகு 3-4 வரை எட்டிப் பிடித்திருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் யாகர் பலகையோரம் வட்டை எடுத்து, சிகாகோ வீரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, மட்டையின் பின்புறத்தால் தாழ்வாக அடித்துச் சமன் செய்தார். 13 விநாடி மீதமிருக்கையில் பிட்ஸ்பர்க்கின் நட்சத்திரம் மரியோ லெம்யூ வெற்றிக் கோலை அடித்தார். அந்தச் சமன் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். யாரையும் அவர் வேகத்தால் வெல்லவில்லை. ஒவ்வொரு தடுப்பாளர் நெருங்கும்போதும் தன் உடம்பை நடுவில் வைத்துவிட்டு, வட்டைக் கைநீளத்துக்கு அப்பால் தள்ளிவிடுகிறார்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் யாகர் சம்பாதித்த எல்லாமே இதில்தான் இருக்கிறது. வட்டு வந்து சேருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை: தடுப்பாளர் எந்தப் பக்கம் வருகிறான்? வட்டு கிடைத்ததும் முதுகையும் இடுப்பையும் அவன் பக்கம் திருப்ப வேண்டும். கால்கள் தோள் அகலத்துக்கும் மேலாக விரிந்திருக்க, முழங்கால்கள் நன்றாக மடங்கி, உட்காரப் போகிறவரைப் போல இடுப்பு இறங்கியிருக்க வேண்டும். வட்டு உடம்பின் மறுபக்கம், காலடியில் இல்லாமல் தள்ளி இருக்க வேண்டும். மட்டையை மேல்கை மட்டும் பிடித்திருக்கும். காலியான கை இருவருக்கும் நடுவே ஒரு கம்பிபோல நிற்கும். அந்தக் கை எதிராளியைப் பற்றினால் இரண்டு நிமிடம் களத்துக்கு வெளியே உட்காரும் தண்டனை. பற்றாமல் வெறுமனே நின்றால் சட்டப்படி சரி.

இப்போது தடுப்பாளனின் நிலையைப் பாருங்கள். மட்டையைச் சுற்றி நீட்டி இழுத்தால் கொக்கி போட்டதாகத் தண்டனை. பின்னாலிருந்து பலகையில் மோதினால் அதைவிடக் கடுமையான தண்டனை. அவனால் தள்ள மட்டும்தான் முடியும். யாகர் காத்திருந்ததும் அந்தத் தள்ளலுக்குத்தான். இடது இடுப்பில் அழுத்தம் வந்தால் அதே விசையில் வலப்பக்கம் சுழன்று வெளியே வந்துவிடுவார். தள்ளியவன் பலகையோடு நிற்பான். 190 சென்டிமீட்டர் உயரம், 100 கிலோவுக்கு மேல் எடை, நீண்ட மட்டை ஆகிய மூன்றும் இதற்குத் துணை நின்றன.

இளம் வீரர்கள் இதைப் பார்த்துச் செய்ய முயன்று தோற்பதற்குச் சில காரணங்கள் உண்டு. களைத்ததும் நிமிர்ந்து நின்றுவிடுகிறார்கள். எடை மையம் மேலே ஏறியதும் சின்னத் தள்ளலுக்கே சாய்கிறார்கள். கால்களை ஒட்டி வைக்கிறார்கள். வட்டைக் காலடியில் வைத்துக் குனிந்து பார்க்கிறார்கள். பார்வை கீழே போனதும் இரண்டாவது தடுப்பாளன் வருவது தெரியாது. இவற்றைவிடப் பெரிய பிழை, ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்பது. மூன்று நான்கு விநாடிக்குள் இரண்டாவது ஆள் வந்துவிடுவான். அதற்குள் சுழல வேண்டும், இல்லையேல் பலகையோரமாகவே வட்டைக் கீழே இருக்கும் தோழனுக்கு விட்டுவிட்டு நகர வேண்டும். இரண்டு பேர் யாகரைச் சூழ்ந்தார்கள் என்றால் வேறெங்கோ ஒருவர் காவலின்றி நிற்கிறார் என்று பொருள். அவருடைய அசிஸ்ட்களில் பல இப்படி வந்தவைதான்.

ஏழு வயதிலிருந்தே நாளுக்கு ஆயிரம் முறை உட்கார்ந்து எழும் பயிற்சி செய்ததாக அவர் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், அவருடைய தொடையையும் இடுப்பையும் பார்த்தவர்கள் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். பிற்காலத்தில் எடைக் கவசம் அணிந்து, காலில் எடை கட்டிக்கொண்டு, ஆட்டம் முடிந்த இரவுகளிலும் தனியே பனியில் இறங்கிச் சறுக்குவார்.

அவருடைய புள்ளிக் கணக்கைக் காலத்தோடு சேர்த்துப் படிக்காவிட்டால் தவறாகவே புரியும். 1981-82 சீசனில் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றுக்கு இரு அணிகளும் சேர்த்துச் சராசரியாக 8 கோல் அடித்தன. லீகின் மொத்தப் புள்ளிகளில் முதலிடத்தில் நிற்கும் வேய்ன் கிரெட்ஸ்கியின் பெரிய எண்ணிக்கைகள் அந்தக் காலத்தவை. 1997-98-இல் சராசரி 5.3-க்கு இறங்கிவிட்டது. கோல்கீப்பர்களின் கவசம் பெருத்தது. நடுக்களத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் தடுப்பு முறை பரவியது. மட்டையால் பிடித்திழுப்பதை நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. அந்த 1997-98-இல் லீக் முழுவதிலும் 100 புள்ளியைத் தொட்டவர் ஒரே ஒருவர்: 102 எடுத்த யாகர். அடுத்த சீசனில் அவர் 127; இரண்டாமிடம் பிடித்த டீமு செலானே 107. 1995, 1998, 1999, 2000, 2001 என ஐந்து முறை புள்ளிப்பட்டியலில் முதலிடம். அவருடைய ஆகப்பெரிய எண்ணிக்கை 1995-96-இல் வந்த 62 கோல், 87 அசிஸ்ட், மொத்தம் 149 புள்ளி. ஆனால் என் கணிப்பில் 1998-99-இன் 127 அதைவிடக் கனமானது. 149 எடுத்தபோது லெம்யூ 161 புள்ளியோடு அதே அணியில் இருந்தார். 127 எடுத்தபோது லெம்யூ ஓய்வு பெற்றிருந்தார்.

அந்த 1998-99-இல் பிட்ஸ்பர்க் அணி திவால் நீதிமன்றத்தில் இருந்தது. நியூ ஜெர்சிக்கு எதிரான தொடரில் தோல்வியின் விளிம்பில் நின்ற ஆறாவது ஆட்டத்தை, உட்தொடைக் காயத்தோடு இறங்கிய யாகர் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் அடித்தார். பிட்ஸ்பர்க் அந்தத் தொடரை வென்றது. ஒவ்வொரு கூடுதல் உள்ளூர் ஆட்டமும் டிக்கெட் வருமானம் என்பதால், அணியைக் காப்பாற்றிய கோல் என்று அந்த ஊர் இன்றும் அதைச் சொல்கிறது. அவ்வாண்டு லெம்யூவே அணியை வாங்கினார். ஆனாலும் யாகரின் சம்பளத்தைத் தாங்க அந்த அணியால் முடியவில்லை; 2001 ஜூலையில் மூன்று இளம் வீரர்களுக்கும் கொஞ்சம் பணத்துக்கும் அவரை வாஷிங்டனுக்குக் கைமாற்றியது. மூவரில் ஒருவரும் பெரிய வீரராகவில்லை.

வாஷிங்டன் அவருக்கு 7 ஆண்டுக்கு 7.7 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. கிடைத்தது 79 புள்ளி, பிறகு 77 புள்ளி. சோம்பேறியாகிவிட்டார் என்ற பழி வந்தது. அவர் வாடி நின்றதும் உண்மை. ஆனால் 2005-க்குப் பின் நடந்ததைப் பார்த்தால் சூழலுக்கும் பங்கு இருந்தது புரியும். 2004 ஜனவரியில் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் வாங்கியது. 2004-05 சீசன் முதலாளி-தொழிலாளி தகராறில் முழுவதும் ரத்தானது. திரும்பி வந்தபோது ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்திருந்தது, ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் 24 சதவீதம் வெட்டப்பட்டிருந்தன, 1.1 கோடி டாலர் வாங்கியவரின் ஆண்டுச் சம்பளம் 83.6 லட்சமானது, அதிலும் ஒரு பங்கை வாஷிங்டனே கொடுத்தது. கூடவே, பிடித்திழுத்தால் தண்டனை என்பதை நடுவர்கள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். வட்டை உடலால் மறைத்து ஆடுபவருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. ரேஞ்சர்ஸ் அவரைச் சுற்றி செக் வீரர்களைச் சேர்த்தது. வரிசையில் செக் நாட்டு மார்ட்டின் ஸ்ட்ராகா, ஸ்வீடனின் மைக்கேல் நைலாண்டர். 2005-06-இல் 54 கோல், 69 அசிஸ்ட், 123 புள்ளி: ரேஞ்சர்ஸ் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத எண்ணிக்கை. அப்போது அவருக்கு வயது 34.

நாட்டுக்காக ஆடியதிலும் குறை வைக்கவில்லை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் தங்கம், 2005 வியன்னாவிலும் 2010-இலும் உலகப் பட்டம், 2006-இல் ஒலிம்பிக் வெண்கலம். மொத்தம் ஐந்து ஒலிம்பிக். இந்த ஆட்டங்கள் பலவற்றில் களமே வேறு. என்.எச்.எல். களம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவில் நெடுங்காலம் 60-க்கு 30. அகலம் நான்கு மீட்டர் கூடினால் பலகையிலிருந்து கோல் தூரமாகிறது, சுட்டால் கோணம் மோசம், தடுப்பாளன் வந்து சேரவும் நேரமாகிறது. பெரிய களத்தில் பழகியவர் வட்டோடு வளைந்து திரும்பிக் காத்திருக்கக் கற்றிருப்பார். சிறிய களத்துக்கு வந்ததும் அந்தக் காத்திருப்பிலேயே அடி வாங்குவார். பல ஐரோப்பியர்களுக்கு முதல் ஆண்டு வீணாவது இதனால்தான். மோதலைத் தவிர்க்காமல் அதையே பயன்படுத்திக்கொண்ட யாகருக்கு இரண்டு களமும் ஒன்றுதான்.

2008-இல், 36 வயதில், அவர் ரஷ்யாவின் அவன்கார்ட் ஓம்ஸ்க் அணிக்குப் போனார். கே.எச்.எல். என்ற புதிய லீக் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ரஷ்யாவில் அப்போது வருமான வரி 13 சதவீதம் மட்டுமே. நியூயார்க்கில் கைக்கு வருவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரியது. ஆட்டங்களின் எண்ணிக்கையும் 82-ஐவிடக் குறைவு. ஆனால் அந்த முதல் சீசனிலேயே, அக்டோபர் 13 அன்று, ஆட்டத்தின் நடுவே வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த 19 வயது அலெக்ஸேய் செரெபானோவ் சரிந்து விழுந்து இறந்துபோனார். அதன் பிறகும் யாகர் அங்கேயே தங்கி, அந்தச் சீசனோடு சேர்த்து மூன்று சீசன் ஆடினார். அந்த ஆண்டுகள் அவருடைய என்.எச்.எல். கணக்கிலிருந்து பறிபோனவை என்று பலர் வருந்துவார்கள். குறைந்த ஆட்டங்கள் அவர் உடம்புக்குக் கொடுத்த இடைவெளி பின்னால் உதவியது என்றே நான் நினைக்கிறேன்.

2011-இல் ஃபிலடெல்ஃபியா 33 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்து அழைத்தது. பிறகு டல்லாஸ், பாஸ்டன், நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, கல்கரி. இந்த அலைச்சலுக்கு விதிகளும் காரணம். அப்போதைய விதிப்படி, 35 வயதைக் கடந்தவரோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, நடுவில் அவர் ஓய்வு பெற்றால், அந்தத் தொகை அணியின் சம்பள உச்சவரம்பிலேயே உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான மேலாளர்கள் அந்த ஆபத்தை எடுக்கத் தயங்கினார்கள். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் இன்னொரு வசதி உண்டு: அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்து, இத்தனை ஆட்டம் ஆடினால் இவ்வளவு என்று ஊக்கத்தொகை எழுதலாம். முதிய வீரரின் உடல்நிலை பற்றிய சூதாட்டத்தை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். 2016 டிசம்பரில் மார்க் மெஸ்ஸியேயின் 1,887 புள்ளிகளைத் தாண்டி, கிரெட்ஸ்கிக்கு அடுத்த இடத்துக்கு வந்தபோதும் யாகர் இப்படியொரு ஓராண்டு ஒப்பந்தத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரை வீழ்த்தியது ஹாக்கி வீரர்களின் வழக்கமான இடம்தான்: உட்தொடை, இடுப்பு, முழங்கால். சறுக்கும் ஒவ்வொரு எட்டிலும் கால் வெளிப்பக்கமாக உதைக்கிறது. உதைத்த காலைத் தடுத்து நிறுத்தி உள்ளே இழுத்து வருவது உட்தொடைத் தசை. வெளிப்பக்கத் தசை வலுத்து, உட்தொடையின் வலு அதற்கு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தசைக் கிழிவின் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பதால், அணிகள் சீசனுக்கு முன்பே இந்த விகிதத்தை அளக்கின்றன. 2017-18-இல் யாகர் எந்த அணியின் முன்தயாரிப்பு முகாமிலும் இல்லை; சீசன் தொடங்கும் வேளையில்தான் கல்கரி ஒப்பந்தம் வந்தது. 45 வயதில் முகாம் இல்லாமல் நேராக ஆட்ட வேகத்துக்குப் போனதற்கு உடம்பு கணக்குத் தீர்த்தது. 22 ஆட்டம், 1 கோல், 6 அசிஸ்ட். 2018 ஜனவரியில், வேறு எந்த அணியும் கேட்காததால், கல்கரி அவரைக் கிளாட்னோவுக்கு அனுப்பியது.

மொத்தம் 1,733 ஆட்டம், 766 கோல், 1,155 அசிஸ்ட், 1,921 புள்ளி. தகராறுகளால் 1994-95-இல் 36 ஆட்டமும், 2004-05-இல் 82-உம், 2012-13-இல் 34-உம் லீகுக்கே இல்லாமல் போயின. ரஷ்யாவில் இருந்த மூன்று சீசனில் 246. ஆக 398. அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 1.1 புள்ளி, எல்லாவற்றையும் ஆடியிருந்தாலும் கூட 440 அளவில் சேர்ந்திருக்கும். கிரெட்ஸ்கியின் 2,857 அப்போதும் எட்டாத தூரம்தான். ஆனால் இரண்டாமிடத்தை வேறு யாரும் எட்டுவது இன்னும் கடினமாகியிருக்கும்.

கிளாட்னோ அணி 2011-இல் அவர் கைக்கு வந்தது. 2014-இல் இரண்டாம் நிலைக்கு இறங்கிய அணி மீண்டும் மேலே ஏறியது 2019-இல். அந்த ஏற்றத்தை உறுதி செய்த ஆட்டத்தில் 47 வயது உரிமையாளரே நான்கு கோல் அடித்தார். தான் ஆடுவதை நிறுத்தினால் விளம்பரதாரர்கள் விலகிவிடுவார்கள் என்பதை அவர் மறைத்ததில்லை. 2024 பிப்ரவரி 18 அன்று பிட்ஸ்பர்க் 68-ஆம் எண்ணை அரங்கின் கூரையில் ஏற்றியது. அங்கே அதற்கு முன் இருந்தவை மிஷெல் பிரியேயின் 21, லெம்யூவின் 66. விழா முடிந்தும் அவர் ஓய்வை அறிவிக்கவில்லை. 2024-25 சீசனிலும் கிளாட்னோ சீருடையில் இறங்கினார். டொரான்டோவில் உள்ள ஹாக்கி புகழ்மன்றத்தின் விதிப்படி, கடைசித் தொழில்முறை ஆட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு கடந்த பிறகே ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியும். என்.எச்.எல். புள்ளிப்பட்டியலில் இரண்டாவதாக நிற்பவரின் பெயர் அங்கே இன்னும் ஏறாததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.